"அந்தப் பையன் ஏன் வேற மாதிரி இருக்கான்?"

வாசகர் கேள்வி – பதில்

பல நாட்டு, பல பண்பாட்டு மனிதர்கள் வரும் படப்புத்தகங்களை எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி வாசித்துக் காட்டுவது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்திருந்தால் சேர்த்துவிட்டோம்.

என் மகளுக்கு மூன்று வயது. நிறம், இனம் என்பதெல்லாம் அவளுக்கு இன்னும் தெரியாது. நாமே புத்தகத்தைக் காட்டி அதைத் தலையில் ஏற்ற வேண்டுமா?

அவளுக்குத் தெரியாது என்பது நம் நினைப்புதான். பிறந்த சில நாள் குழந்தைக்கு எல்லா இனத்தவர் முகமும் ஒன்றுதான். மூன்றே மாதத்தில், தான் தினமும் பார்க்கும் இனத்தவர் முகத்தைக் கூடுதல் நேரம் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. இரண்டு இனத்தவரையும் பார்த்து வளரும் குழந்தைகளிடம் அந்தச் சாய்வு இல்லை என்று அடுத்த ஆண்டு இன்னோர் ஆய்வு சொன்னது. ஆகவே அது வெறுப்பு இல்லை, பழக்கம்.

2011-இல் வந்த ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. வெள்ளை இனக் குழந்தைகள் சிலருக்கு ஆறாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம் வரை வீட்டில் சீன முகங்கள் உள்ள படப்புத்தகத்தைக் காட்டச் சொன்னார்கள். அந்தக் குழந்தைகளால் ஒன்பதாம் மாதத்திலும் ஒரு சீன முகத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடிந்தது. தங்கள் இனத்தவர் முகங்களை மட்டும் பார்த்தவர்களால் முடியவில்லை. இதற்குத் தேவைப்பட்டதெல்லாம் சிறுசிறு நேரம், ஆனால் விடாமல் தொடர்ந்து.

மூன்று வயதில் உங்கள் மகள் பொம்மைகளை நிறம்வாரியாக அடுக்குவாள், பட்டன்களைப் பெரிது சிறிது என்று பிரிப்பாள். மனிதர்களையும் கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் வகைப்படுத்துவாள். அந்த நேரத்தில் பெரியவர்கள் வாயே திறக்காவிட்டால், இது பேசக்கூடாத விஷயம் போலிருக்கிறது என்று அவளே முடிவுகட்டிக்கொள்வாள். அந்த முடிவைப் பின்னால் மாற்றுவதுதான் கடினம்.

வயதுக்கேற்ற அளவு என்றால்: ஒன்றரை வயது வரை முகங்கள் மட்டும் உள்ள கெட்டி அட்டைப் புத்தகம், ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போதும். இரண்டு, மூன்று வயதில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி உள்ளது, ஐந்து முதல் ஏழு நிமிடம். நான்கு, ஐந்து வயதில் பத்து நிமிடக் கதை. ஆறிலிருந்து எட்டு வயதுக்குக் கால் மணி நேரமும், அதற்குப் பிறகு அதே அளவு பேச்சும் தாங்கும்.

கடையிலோ நூலகத்திலோ நின்றபடி ஒரு புத்தகம் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையில் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் கைகோத்து நிற்கிறார்கள். அது போதுமா?

போதாது. அட்டையில் கைகோத்து நிற்கும் புத்தகங்களை முதலில் சந்தேகப்படுவதே நல்லது. பெரும்பாலும் உள்ளே கதையே இருக்காது, உபதேசம்தான் இருக்கும்.

எழுத்தைத் தொடாமல் முதலில் படங்களை மட்டும் கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். படப்புத்தகம் வழக்கமாக 32 பக்கம், இரண்டு நிமிட வேலை. கூட்டம் நிற்கும் ஒரு படத்தில் நிறுத்தி முகங்களைப் பாருங்கள். ஒரே மூக்கு, ஒரே கண், ஒரே உதடு போட்டுவிட்டு மேலே வேறு வேறு பழுப்பு பூசியிருந்தால் ஓவியர் அந்த மனிதர்களைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். முடியையும் பாருங்கள். சுருள் முடி எல்லாத் தலையிலும் ஒரே கறுப்புப் பந்தாக இருக்கிறதா, பின்னல், வகிடு, நெற்றியோர முடி என்று இருக்கிறதா? அவசரமாக வரைந்த ஓவியம் தலைமுடியில்தான் முதலில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து, கதையில் சிக்கலை யார் தீர்க்கிறார் என்று பாருங்கள். வெளியிலிருந்து வரும் ஒருவர் வந்து உதவி, ஊரே நன்றி சொல்லும் கதை என்றால் வைத்துவிடலாம். இன்னொரு வகை நல்லெண்ணத்தோடு எழுதப்படுவதால் சட்டென்று கண்ணில் படாது: சக்கர நாற்காலியில் வரும் பையனை முதலில் யாரும் விளையாட்டில் சேர்ப்பதில்லை. கடைசியில் அவன் ஏதோ சாகசம் செய்து எல்லோரையும் காப்பாற்றுகிறான். உடனே சேர்த்துக்கொள்கிறார்கள். ஏதாவது பெரிதாகச் செய்தால்தான் உன்னைச் சேர்ப்போம் என்பதைத்தான் பிள்ளை இதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதே பையன் வெறுமனே பட்டம் விடும் கதை இதைவிடப் பல மடங்கு மேல்.

உடை எந்தக் காலத்தது என்பது மூன்றாவது. இன்றைக்கு வாழும் மக்களை நூறாண்டு முந்திய உடையிலும் குடிசையிலும் மட்டும் காட்டினால், அவர்கள் இப்போது இல்லை என்றே ஐந்து வயதுப் பிள்ளை நினைக்கும். இடத்தின் பெயரும் துல்லியமாக இருக்க வேண்டும். 54 நாடுகள் உள்ள ஆப்பிரிக்காவை "ஆப்பிரிக்கா என்ற ஊரில்" என்று எழுதும் புத்தகத்தை நம்பி மற்ற விவரங்களை ஏற்றுக்கொள்வது எப்படி?

கடைசியாகப் பின்னட்டை. எழுதியவரோ வரைந்தவரோ அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரா, இல்லையென்றால் யாரைக் கேட்டு எழுதினார் என்ற குறிப்பு இருக்கிறதா? வெளியாள் எழுதியதாலேயே புத்தகம் தவறாகிவிடாது. ஆனால் விசாரித்து எழுதியவர் பெரும்பாலும் அதைச் சொல்லியிருப்பார்.

ஒவ்வொரு புத்தகத்தையும் இப்படி எடைபோட்டாலும், கடைசியில் பார்க்க வேண்டியது உங்கள் அலமாரியில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துத்தான். அமெரிக்கப் பேராசிரியர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. பிள்ளைக்குப் புத்தகம் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும், பிறரைக் காட்டும் சன்னலாகவும், அவர்கள் உலகத்துக்குள் நுழையும் கண்ணாடிக் கதவாகவும் இருக்க வேண்டும் என்றார் அவர். வீட்டில் 20 புத்தகம் இருந்தால் எல்லாவற்றையும் தரையில் பரப்பி எண்ணுங்கள்: உங்கள் பிள்ளையைப் போன்ற பிள்ளை வருவது எத்தனை, வேறு மாதிரியான பிள்ளை தலைமைப் பாத்திரமாக வருவது எத்தனை, வெறும் மிருகங்கள் எத்தனை. எண்ணிக்கை என்பது சின்ன விஷயம் இல்லை. 1965-இல் நான்சி லாரிக் என்பவர், அமெரிக்காவில் மூன்றாண்டுகளில் வந்த 5,206 சிறுவர் புத்தகங்களை எண்ணிப் பார்த்து, கறுப்பினத்தவர் ஒருவராவது வருவது 349-இல் மட்டுமே என்று வெளியிட்ட பிறகுதான் அங்கே பதிப்பாளர்கள் கூச்சப்பட ஆரம்பித்தார்கள்.

மிருகங்களை வைத்தே "எல்லோரும் வேறு வேறு, எல்லோரும் நண்பர்கள்" என்று சொல்லிவிட முடியாதா? யார் மனதும் புண்படாதே.

யானையும் எலியும் நண்பர்களானது நல்ல கதைதான். ஆனால் அதிலிருந்து பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கு மனதைத் திருப்புவது நான்கு வயதுக்கு எளிதில்லை. கனடாவின் டொரான்டோவில் நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை, ஒரு குழுவுக்கு மனிதப் பாத்திரங்களோடும் இன்னொரு குழுவுக்கு உடை போட்ட மிருகங்களோடும் வாசித்துப் பார்த்தார்கள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்டவர்கள் பிறகு தங்கள் ஸ்டிக்கர்களைக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். மிருகக் கதை கேட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 2018-இல் அமெரிக்காவில் வந்த சிறுவர் புத்தகங்களைக் கணக்கிட்டபோது மிருகங்களும் பொம்மை வண்டிகளும் தலைமைப் பாத்திரமாக வந்தவை 27 சதவீதம், கறுப்பினப் பிள்ளைகள் வந்தவை 10 சதவீதம். மிருகக் கதை எப்படியும் தேடி வரும். மற்றதைத்தான் நாம் தேடிப் போக வேண்டும்.

புத்தகம் வாங்கியாயிற்று. எப்படி வாசிப்பது? நான் வாசித்து முடித்ததும் "பார்த்தாயா, எல்லோரும் சமம்" என்று சொல்கிறேன். மகன் அடுத்த புத்தகத்துக்குத் தாவிவிடுகிறான்.

தாவத்தான் செய்வான். அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். ஒரு புத்தகத்தை ஒரு தடவை வாசித்து நீதி சொல்வதைவிட, ஒரே புத்தகத்தை இரண்டு வாரத்தில் நான்கைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு விதமாக வாசிப்பதுதான் பலன் தரும்.

முதல் நாளுக்கு முன்பு நீங்கள் மட்டும் தனியாக ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பழகுங்கள். பழக்கமில்லாத பெயர்கள் இருந்தால் உச்சரிப்பைத் தேடிக் கேட்டு, பென்சிலால் மேலே தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது பெயரில் திக்கி, "என்ன பேரோ!" என்று நீங்கள் சிரித்தால், அந்தப் புத்தகத்திலிருந்து பிள்ளைக்கு நினைவில் நிற்பது அந்தச் சிரிப்புதான்.

முதல் வாசிப்பில் கேள்வியே வேண்டாம். அட்டையைக் காட்டி, "இவன் எங்கே கிளம்பியிருப்பான்?" என்று ஒன்று மட்டும் கேட்டுவிட்டுக் கதையைக் கதையாகப் படியுங்கள். அவன் கேட்டால் மட்டும் பதில்.

இரண்டாம் வாசிப்பில் படத்தை அவன் படிக்கட்டும். இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் 1988-இல், இரண்டு வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதைச் சொல்லிக்கொடுத்து ஒரு மாதம் வீட்டில் வாசிக்கவைத்தபோது, அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களைவிட முந்தினார்கள். நான்கே படிகள்: கேளுங்கள், அவன் சொன்னதைக் கவனித்து ஏற்றுக்கொள்ளுங்கள், அதோடு ஒரு துண்டு சேர்த்து நீட்டுங்கள், நீட்டியதை அவனைச் சொல்லவையுங்கள்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டி கண்ணாடி முன் உட்கார்ந்து தலையில் நீளமான துணியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். பேரன் பின்னால் நின்று துணியின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறான். மேசையில் ஒரு ஊசி.

"இங்கே என்ன நடக்குது?"

"பாட்டி துணி கட்றாங்க."

"ஆமா, தலையில கட்றாங்க. பையன் நழுவாம பிடிச்சிருக்கான். யார் என்ன செய்றாங்க, நீ சொல்லு?"

"பாட்டி கட்றாங்க, அவன் நழுவாம பிடிக்கிறான்."

"அந்த ஊசி எதுக்கு இருக்கும்?"

இதில் வேற்றுமை பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் பிள்ளை அந்த வீட்டுக்குள் போய்விட்டான். பாட்டிக்கு உதவுகிறவன் என்று பையனைத் தெரிந்துகொண்டான். "நம்ம பாட்டி ஏன் கட்டல?" என்று அவனே கேட்கும் நேரம் வரும், பெரும்பாலும் மூன்றாம் வாசிப்பில். அப்போது நேராகச் சொல்லுங்கள்: "அவங்க குடும்பத்துல பெரியவங்க தலையை மூடிக்கிறாங்க. நம்ம வீட்ல அப்படி இல்ல." காரணம் புத்தகத்தில் இருந்தால் காட்டுங்கள். இல்லாவிட்டால் "தெரியல, தெரிஞ்சவங்ககிட்ட கேட்போம்" என்று சொல்லி, மறக்காமல் கேட்கவும் வேண்டும். இட்டுக்கட்டிப் பதில் சொல்வதுதான் ஆபத்து. அதைப் பிள்ளை உண்மை என்று பல வருடம் வைத்திருக்கும்.

மூன்றாம், நான்காம் வாசிப்பில் அவன் வாழ்க்கையோடு சேருங்கள். "நீ யாருக்கு இப்படி உதவி செய்வே?" என்பது நல்ல கேள்வி. "அவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?" என்பதை முதல் கேள்வியாக வைக்க வேண்டாம். வித்தியாசத்தைத் தேடச் சொன்னால் நிறம், உடை என்று மேலோட்டமானதுதான் வரும். முதலில் ஒற்றுமை, அதுவும் செயலில் உள்ள ஒற்றுமை. அதற்குப் பிறகு வரும் வித்தியாசம் உறுத்தாது.

ஒரு வாசிப்புக்கு ஐந்து கேள்விக்கு மேல் போகாதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தினால் கதை செத்துவிடும், பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே ஓடும். ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளும் வீண். "அவன் நல்ல பையன்தானே?" என்று கேட்டால் "ஆமா" என்பதைத் தவிர அவன் என்ன சொல்ல முடியும்?

படத்தில் கறுப்பாக இருக்கும் சிறுமியைப் பார்த்து என் ஐந்து வயது மகன், "ஐயே, இவ குளிக்கவே இல்ல" என்றான். எனக்கு உடம்பே கூசிப்போனது. "அப்படிப் பேசக்கூடாது" என்று அதட்டிவிட்டேன். சரிதானா?

அதட்டியதால் அவன் வாய் மூடியிருக்கும், எண்ணம் மாறியிருக்காது. அவனுக்குத் தெரிந்தவரை கறுப்பு என்றால் மண், கரி, அழுக்கு. தெரிந்ததை வைத்து ஊகித்திருக்கிறான். ஊகம் தவறு என்று சொல்ல வேண்டும், அதே சமயம் அது பிறரைக் காயப்படுத்தும் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வரிசையில், சாதாரணக் குரலில்: "அது அழுக்கு இல்ல, அவ தோலோட நிறம். குளிச்சாலும் அப்படியேதான் இருக்கும். எல்லார் தோல்லயும் மெலனின்னு ஒண்ணு இருக்கு. அது கூட இருந்தா தோல் கறுப்பா இருக்கும், குறைச்சலா இருந்தா வெளுப்பா இருக்கும். வெயில்லேருந்து அது தோலைக் காப்பாத்தும். அழுக்குன்னு சொன்னா அவளுக்கு வருத்தமா இருக்கும், அதனால அப்படிச் சொல்ல வேண்டாம்." பிறகு அவன் உள்ளங்கையையும் புறங்கையையும் சேர்த்துவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே கையில் இரண்டு நிறம். எந்த விளக்கத்தையும்விட இது வேகமாகப் புரியும்.

இரண்டு நாள் கழித்து நிறம் கலக்கும் விளையாட்டு வையுங்கள். போஸ்டர் கலரில் மஞ்சள் இரண்டு சிறு தேக்கரண்டி, சிவப்பு ஒன்று. அதில் நீலத்தைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்த்தால் பழுப்பு வரும். நீலத்தைக் கரண்டியால் போட்டால் பச்சையாகவோ சாம்பலாகவோ போய்விடும், பிறகு மீட்க முடியாது. அந்தப் பழுப்பை நான்கைந்து கிண்ணத்தில் பிரித்து ஒன்றில் வெள்ளை, ஒன்றில் வெள்ளையோடு துளி மஞ்சள், ஒன்றில் துளி சிவப்பு, ஒன்றில் இன்னும் கொஞ்சம் நீலம் என்று மாற்றுங்கள். கறுப்பு வண்ணத்தைச் சேர்க்க வேண்டாம். தோலின் உயிர் போய் மங்கலாகிவிடும். வீட்டில் ஒவ்வொருவரும் தங்கள் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் காகிதத்தை வைத்துத் தங்கள் நிறம் வரும்வரை கலக்கட்டும். அப்பாவின் நிறமும் அம்மாவின் நிறமும் ஒரே பழுப்பிலிருந்துதான் வந்தன என்பதை மகன் தன் கையால் செய்து பார்ப்பான். கலந்த நிறங்களுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தின்பண்டப் பெயர்களை மட்டும் தவிர்க்கலாம், மனிதரைத் தின்னும் பொருளோடு ஒப்பிடுவதைப் பலர் விரும்புவதில்லை.

இன்னொன்று: வீட்டில் யாராவது ஒரு கிரேயானை மட்டும் "தோல் கலர்" என்று சொல்கிறார்களா என்று கவனியுங்கள். கிரேயோலா நிறுவனமே தன் "சதை நிற" கிரேயானின் பெயரை 1962-இல் "பீச்" என்று மாற்றிவிட்டது. நம் வாயில் அது இன்னும் போகவில்லை.

மழலையர் வகுப்பில் 25 பிள்ளைகள். மாதம் ஒரு நாடு என்று வைத்து, கொடி, உடை, ஒரு படப்புத்தகம் என்று நடத்துகிறோம். பெற்றோருக்கும் பிடித்திருக்கிறது. மேம்படுத்த என்ன செய்யலாம்?

கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறோம்: இந்த முறையையே மாற்றுவது நல்லது. லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் என்ற கல்வியாளர் 1989-லேயே இதைச் சுற்றுலாப் பாடம் என்று விமர்சித்தார். போய்ப் பார்த்து, விதவிதமான உடையில் படம் எடுத்துக்கொண்டு, வீடு திரும்புவது. அந்த நாட்டுப் பிள்ளைகள் எப்போதும் பண்டிகை உடையில் ஆடிக்கொண்டே இருப்பதாகத்தான் உங்கள் வகுப்பு நினைக்கும். மாதம் முடிந்ததும் அவர்களும் அலமாரிக்குள் போய்விடுவார்கள்.

நாட்டை வைத்துப் பிரிக்காமல் அன்றாட விஷயத்தை வைத்துப் பிரியுங்கள்: தூங்கப் போவது, தலை வாருவது, பல் விழுவது, மழை, தம்பி பிறந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு விஷயம், நான்கு புத்தகம், நான்கும் வேறு வேறு வீடு. அதில் ஒன்று உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீடு போலவே இருக்கட்டும். அது இல்லாவிட்டால் "நாம் சாதாரணம், அவர்கள் விசேஷம்" என்ற எண்ணம் நுழைந்துவிடும். இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. கறுப்பினச் சிறுவன் ஒருவன் பனியில் விளையாடும் எஸ்ரா ஜாக் கீட்ஸின் புத்தகம் 1962-இல் வந்து மறு ஆண்டே, படப்புத்தகங்களுக்கு அமெரிக்காவில் தரும் கால்டெகாட் பதக்கம் பெற்றது. அவன் நிறத்தைப் பற்றி அதன் எழுத்தில் ஒரு வரி கிடையாது. பனியில் கால் தடம் பதிப்பதும், பனியுருண்டையைப் பையில் வைத்துக்கொண்டு வருவதும்தான் கதை.

25 பேருக்கு ஒரே நேரத்தில் வாசித்தால் பின்வரிசைக்குப் படம் தெரியாது, இந்தப் புத்தகங்களில் பாதி விஷயம் படத்தில்தான் இருக்கிறது. முதல் வாசிப்பு மட்டும் எல்லோருக்கும் சேர்த்து. பிறகு ஆறு ஆறு பேராக, அரைவட்டத்தில், புத்தகம் அவர்கள் கண் மட்டத்தில் இருக்கும்படி. பக்கத்தைக் காட்டியபின் ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். பிள்ளை படத்தைத் துழாவ அந்த நேரம் வேண்டும். நான்காம் நாளிலிருந்து புத்தகத்தை முகப்பு தெரியும்படி தாழ்வான தட்டில் வைத்துவிடுங்கள், தாங்களே எடுத்துப் புரட்டட்டும்.

வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்குக் காதுக்கருவி இருக்கிறது. அதுபோன்ற பிள்ளை வரும் புத்தகத்தை வாசிக்கலாமா?

வாசிக்கலாம். வாசிக்கும்போது அவள் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள். "நம்ம பாப்பா மாதிரி" என்று சொல்லாதீர்கள். அவளை எழுந்து விளக்கச் சொல்லாதீர்கள். முந்தின வாரமே புத்தகத்தைப் பெற்றோரிடம் கொடுத்து வீட்டில் அவளோடு படிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் படிப்பது அவளுக்குச் சம்மதமா என்று அவர்கள் கேட்டுச் சொல்லட்டும். வகுப்பில் யாராவது அவளைக் காட்டினால், "ஆமா, அவளும் போட்டிருக்கா" என்று ஒரு வரியில் முடித்துப் பக்கத்தைத் திருப்புங்கள். அவளாகப் பேச விரும்பினால் பேசட்டும்.

நல்ல புத்தகங்கள் பலவும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வாசிக்கும்போதே தமிழில் சொன்னால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சொற்கள் வருகின்றன. மகளுக்குக் கோபம்!

கோபம் நியாயமானது. திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளைக்குச் சொல் மாறக்கூடாது. ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிடுங்கள். பக்கத்துக்கு இரண்டு வரிக்கு மேல் போகாமல், படத்தில் தெரிவதை எழுத்தில் திரும்பச் சொல்லாமல். வாய்விட்டுப் படித்துப் பார்த்துத் திருத்துங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஒட்டிப் பிரிக்கக்கூடிய பசையால் ஓவியத்தை மறைக்காத இடத்தில் ஒட்டுங்கள். நூலகப் புத்தகம் என்றால் ஒட்ட வேண்டாம், பக்க எண் போட்ட தனித் துண்டுகளாக நடுவில் செருகுங்கள்.

பாத்திரங்களின் பெயரை மாற்றாதீர்கள். ஊர், உடை, தின்பண்டம் எதையும் பழக்கமானதாக மாற்ற வேண்டாம். மாற்றினால் எதற்காக அந்தப் புத்தகத்தை எடுத்தோமோ அதுவே போய்விடும். தெரியாத சொல் வந்தால் விரலால் படத்தைத் தொட்டுக் காட்டுங்கள், விளக்கம் தேவையிருக்காது. இலவசமாகத் தேடுபவர்களுக்கு: பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் பல மொழிகளில் படக்கதைகள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன, தமிழிலும் உண்டு. பதிவிறக்கி அச்சிடலாம், நீங்களே மொழிபெயர்த்தும் ஏற்றலாம். தரம் ஏறியும் இறங்கியும் இருக்கும் என்பதால் முன்பு சொன்ன சோதனையை அங்கேயும் செய்யுங்கள்.

நான் சிறுவயதில் விரும்பிப் படித்த புத்தகத்தில் பிற இனத்தவரைக் கோமாளியாக வரைந்திருக்கிறார்கள். எறிந்துவிடவா?

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் எடுத்து உள்ளே வையுங்கள். அவர்களால் பழைய காலத்தின் பார்வையையும் உண்மையையும் பிரிக்க முடியாது. ஏழு, எட்டு வயதில் அதையும், அதே மக்கள் தாங்களே எழுதிய புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இவங்களை வரைஞ்சவர் நேரில் பார்த்திருப்பாரா?" என்று கேளுங்கள். அதற்கு மேல் நீங்கள் பேசத் தேவையிருக்காது.

இதெல்லாம் பலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆறு மாதமாக வாசிக்கிறோம்.

கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள். எந்தப் பதில் உங்களுக்குப் பிடிக்கும் என்று பிள்ளைக்குத் தெரியும். விளையாட்டைப் பாருங்கள்: பொம்மைகளில் எதற்கு எந்த வேடம் கொடுக்கிறாள், எது எப்போதும் திருடனாகிறது, எதை ஓரம்கட்டுகிறாள்? ஓவியத்தில் மனிதர்களுக்கு எத்தனை நிறம் எடுக்கிறாள்? கதையின் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளா, "அந்தக் கறுப்புப் பையன்" என்கிறாளா? பெயர் வந்துவிட்டால் நல்ல அறிகுறி. கேள்விகள் கூடுவதும் நல்ல அறிகுறிதான், அவை சங்கடமாக இருந்தாலும்.

புத்தகம் ஒரு பக்கம் சொல்ல, வகுப்பறை எதிர்ப்பக்கம் சொன்னால் வகுப்பறைதான் ஜெயிக்கும். அமெரிக்க உளவியலாளர் ரெபெக்கா பிக்லர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மஞ்சள், நீலம் என்று இரண்டு நிறச் சட்டை கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் "மஞ்சள் குழு இங்கே உட்காருங்க, நீலக் குழு வரிசையில நில்லுங்க" என்று சட்டையை வைத்தே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார்கள். எந்தக் குழு உயர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் சில வாரங்களில் அந்தப் பிள்ளைகள் தங்கள் சட்டைக்காரர்களே மேல் என்று எண்ணத் தொடங்கினார்கள்.

ஆகவே நாளையிலிருந்து "பையன்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை" என்பதை நிறுத்திப் பாருங்கள். பிறந்த மாதத்தையோ பெயரின் முதல் எழுத்தையோ வைத்துப் பிரிக்கலாம். வாராவாரம் அதையும் மாற்றுங்கள். வாசிப்புக்கு உட்காரும் ஆறு பேரும் எப்போதும் அதே ஆறு பேராக இருக்க வேண்டாம்.